ஞாயிற்றுக்கிழமைக் கல்

தராசில் ஏறுவதற்கு முன்னால் பெரியவள் முதலில் வளையல்களைக் கழற்றுவாள். பிறகு செருப்பு. பிறகு கொண்டை ஊசி, இடுப்பில் செருகிய சாவிக்கொத்து, கழுத்துச் சங்கிலி, கடைசியாகச் சட்டையில் குத்தியிருக்கும் ஊக்கு. ஒரு ஊக்கு எவ்வளவு எடை இருக்கும் என்று பழைய இரும்புக் கடைக்காரர் பெண்டாட்டிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கழற்றுகிறாள். ஒரு ஊக்கின் பாரத்தைக்கூடத் தன் தலையில் போட்டுக்கொள்ள அவள் தயாராக இல்லை.

"ஆச்சா?" என்றார் கடைக்காரர். "இன்னும் கழட்ட ஏதாவது பாக்கி இருக்கா? பல்லு?"

"சும்மா இருங்க. கல்லைப் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. இரும்பு ஷட்டர் பாதிக்கு இறங்கியிருந்தது. உள்ளே பழைய பேப்பர் வாடையும் துரு வாடையும் காலி எண்ணெய் டின் வாடையும் கலந்து கிடந்தன. நடுவில் அந்தப் பலகைத் தராசு. தரையோடு ஒரு இரும்புப் பலகை, அதன் தலைமாட்டில் ஒரு தூண், தூணின் மேல் எண்கள் வெட்டிய பித்தளைச் சட்டம். சட்டத்தின் நுனியில் தொங்கும் கொக்கியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்பு எடைக்கல்லைப் போட்டால் அது பலகையில் நிற்கும் ஐம்பது கிலோவுக்குச் சமம். ஐம்பதுக்கு மேல் உள்ளதைச் சட்டத்தின் மேல் ஒரு குண்டை நகர்த்திப் பார்க்க வேண்டும். அந்த வட்டாரத்தில் எந்தப் பழைய சாமான் கடைத் தராசையும் ஜனங்கள் நம்புவதில்லை, இந்த ஒன்றைத் தவிர. நாலு தெரு தாண்டிப் பேப்பர் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு இங்கே வருவார்கள். யாராவது புது ஆள் சட்டத்தைச் சந்தேகமாகப் பார்த்தால் பெரியவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "எங்க தராசு பொய் சொல்லாது. வேணும்னா எடுத்துக்கிட்டுப் போய் வேற எங்கயாவது போட்டுப் பாரு" என்பாள்.

கடைக்காரர் டூல்ஸ் பெட்டியைத் திறந்து கல்லை எடுத்துக் கொக்கியில் போட்டார். குண்டை மெதுவாக நகர்த்தினார். சட்டம் ஆடி ஆடி நின்றது.

"எண்பத்திரெண்டு."

"நெசமாவா?"

"நீயே பாரு."

"போன வாரம் எண்பத்திமூணு!" பெரியவள் பலகையை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் அந்த எண் ஓடிப்போய்விடும் போல நின்றாள். நின்ற இடத்திலிருந்தே கழுத்தைத் திருப்பி, பேப்பர்க் கட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த சின்னவளைப் பார்த்தாள். "கேட்டியா? ஒரு கிலோ. ஒரே வாரத்துல."

சின்னவள் வாய் நிறைய ஜாம் தடவிய பன். "நல்லதுக்கா" என்றாள், பன்னைப் பார்த்துக்கொண்டே.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பெரியவளுக்கு வந்ததே ஆத்திரம். வயிறு எரியுதுடி உனக்கு, அதான் முகத்தைப் பார்த்துப் பேச வரல என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு ஓரத்தில் ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை வருஷமும் எரிந்தது தன் வயிறுதானே. ஒரு மாறுதலுக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் எரியட்டும்.

சின்னவள் கொழுந்தன் மனைவி. மாடியில் இரண்டு அறை அவர்களுக்கு, கீழே இரண்டு அறை இவர்களுக்கு, சமையல் பொது. கடைக்காரர் எடை போடுவார், தம்பி வண்டி ஓட்டுவான், பெண்கள் இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து சாமான் பிரிப்பார்கள். பாட்டிலை நிறம் நிறமாக, வயரை உரித்துச் செம்பு தனியாக, பழைய பேட்டரியில் வந்த ஈயம் தனியாக. ஈயம் எப்போதும் சின்னவள் கை வேலை. சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, ஓரம் மடித்து, மிட்டாய் மாதிரி வில்லை வில்லையாக அடுக்கி வைப்பாள்.

இரண்டு பிள்ளை பெற்றவள் என்று யாரும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்குத் தைத்த சட்டையை இன்னமும் போட்டுக்கொள்கிறாள், அதுவும் தொளதொளவென்று. என்ன தின்றாலும் எங்கே போகிறது என்று தெரியாது. காலையில் மூன்று ரொட்டி, பதினோரு மணிக்குப் பன், மத்தியானம் தட்டு நிறையச் சோறு. எதிரில் பெரியவள் வெந்த கீரையையும் ஒரு முட்டையையும் வைத்துக்கொண்டு மாடு அசை போடுகிற மாதிரி மென்று கொண்டிருப்பாள். "கொஞ்சம் சோறு போட்டுக்குங்கக்கா" என்று சின்னவள் சொல்லும்போது அந்தத் தலையில் கரண்டியால் ஒன்று போடலாமா என்று பெரியவளுக்குத் தோன்றும்.

ஆனால் உடம்பு மட்டும் என்றால் பெரியவள் இவ்வளவு எரிந்திருக்க மாட்டாள். விஷயம் வேறு. போன வருஷம் அவள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். காய்ச்சல் இல்லை, அடி இல்லை. ஒரு காரணம் என்று இருந்திருந்தால் அதோடு சண்டை போட்டாவது விரட்டியிருப்பாள். ஒன்றுமில்லை. விடிந்தால் எதற்கு விடிந்தது என்றிருக்கும். பிள்ளை விடுதியிலிருந்து போன் போட்டால் எடுக்கக் கை வராது. குளிக்க எழுந்திருக்கவே ஆள் வேண்டும். அந்த ஆள் சின்னவள்தான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சிக்கெடுத்துச் சீவி விட்டாள். சோப்புப் போட்டு முதுகு தேய்த்தாள். மடிப்பு மடிப்பாகத் தொங்குகிற அந்த உடம்பை முழுசாகப் பார்த்தவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பெரியவள் மன்னித்திருப்பாள்.

டாக்டரம்மா மாத்திரை கொடுத்தாள். மாத்திரை வேலை செய்தது. ஆனால் பசியையும் கூடவே எழுப்பி விட்டது. மனசு ஒரு படி ஏறினால் உடம்பு ரெண்டு படி ஏறியது. கடைக்கு வருகிறவர்கள், "என்னம்மா, இப்படி ஆயிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் ரெண்டு தடவை மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினாள். ரெண்டு தடவையும் திரும்பப் போய்ப் படுக்கையில் விழுந்தாள். "எடையை மெதுவாப் பாத்துக்கலாம். மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க" என்று டாக்டரம்மா கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

அப்புறம்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை எடை ஆரம்பமானது. எண்பத்தேழில் தொடங்கி வாரம் ஒன்றாக, சில வாரம் அரையாக இறங்கிக்கொண்டே வந்தது. எண் இறங்க இறங்க அவள் மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாள். காலையில் நடந்தாள். சிரித்தாள். சண்டை போட்டாள்.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. துணி. எடை இறங்கியும் சட்டை இறுக்கியது. அக்குளில் தையல் விட்டது. அதற்கும் அவளிடம் பதில் இருந்தது.

"நீ துணியை வெந்நீர்ல ஊறப்போடுறியா?" என்று சின்னவளைக் கேட்டாள் ஒரு நாள்.

"இல்லையேக்கா. பச்சத் தண்ணிதான்."

"அப்ப ஏன் எல்லாம் சுருங்குது? என் துணி மட்டும்?"

சின்னவள் பதில் சொல்லாமல் துணியைப் பிழிந்தாள். பார்த்தீர்களா, வாயைத் திறக்கிறாளா? வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்று பெரியவள் முடிவு கட்டிவிட்டாள்.

அந்த வாரம் செவ்வாயோ புதனோ, காலையிலிருந்து மழை. மழை நாளில் பேப்பர் போட யாரும் வரமாட்டார்கள். அண்ணனும் தம்பியும் அட்டைப் பெட்டிக் கட்டுகளைத் தார்ப்பாய் போட்டு மூடி வண்டியில் மில்லுக்குக் கொண்டு போயிருந்தார்கள். பெண்கள் இருவரும் தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து வயர் உரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் கன்னம் கொஞ்சம் பூசின மாதிரி பெரியவளுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் தோன்றிய யோசனைதான்.

"ஏய், எந்திரி. தராசுல ஏறு."

"நானா? எதுக்குக்கா?"

"சும்மாத்தான். நீ எவ்வளவு இருக்கேன்னு பாப்போம்."

"வேலை கெடக்குதுக்கா."

"ஏறுன்னா ஏறு. என்ன, பயமா? கூடிட்டோம்னு பயமா?"

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். பெரியவள் அலமாரியில் வரிசையாக இருந்த கல்லில் ஒன்றை எடுத்துக் கொக்கியில் போட்டுக் குண்டை நகர்த்தினாள். ஒரு கோடு நகர்த்தியதுமே சட்டம் நின்றது. ஐம்பத்தொண்ணு.

ஐம்பத்தொண்ணு. பெரியவள் எண்ணை இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். கூடியிருக்கும், ஒரு ஐந்தாவது கூடியிருக்கும் என்று நினைத்திருந்தாள். கடவுளே, இந்தப் பன்னெல்லாம் எங்கேதான் போகிறது?

"சரி இறங்கு. இப்ப என்னைப் பாரு. எண்பத்தொண்ணரைக்கு வந்திருப்பேன்."

"வேணாம்க்கா. மாமா வரட்டும். அவரு போடட்டும்."

"ஏன், உனக்குக் குண்டு நகத்தத் தெரியாதா?"

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்க்கா."

"எனக்குக் கொறஞ்சா உனக்கு ஏன்டி இவ்வளவு கஷ்டமா இருக்கு?"

வளையல், செருப்பு, ஊக்கு எல்லாம் கழன்றன. பெரியவள் ஏறி நின்றாள். சின்னவள் வேறு வழியில்லாமல் குண்டைத் தள்ளினாள். முப்பத்திரண்டைத் தாண்டியும் சட்டம் மேலேயே நின்றது. முப்பத்தைந்து. அப்போதும் மேலே. முப்பத்தெட்டில் வந்து ஆடி நின்றது.

எண்பத்தெட்டு.

"காலை எடுடி" என்றாள் பெரியவள்.

"என்னக்கா?"

"பலகையில இருந்து காலை எடுடின்னு சொன்னேன்! கட்டை விரலை வச்சு அழுத்துறது எனக்குத் தெரியாதா? இந்தக் கடைக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு எனக்கு? எத்தனை திருட்டுப் பயலுங்க பெருவிரலைப் பாத்திருப்பேன்!"

"ஐயோ, என் கால் இங்க இருக்குக்கா. பாருங்க."

"தள்ளிப் போ. வாசல்ல போய் நில்லு."

சின்னவள் மழைச் சாரலில் போய் நின்றாள். பெரியவள் பலகையில் நின்றபடியே எட்டிக் குண்டைத் தானே நகர்த்தினாள். எண்பத்தெட்டு. கல்லில்தான் கோளாறு என்று இறங்கி வேறு கல்லைப் போட்டுப் பார்த்தாள். எண்பத்தெட்டு. அலமாரியில் இருந்த இன்னொன்றையும் போட்டாள். அதுவும் அதையே சொன்னது. அப்போதுதான் அவளுக்குள் ஏதோ பொறி தட்டியது. அவர் ஞாயிற்றுக்கிழமை அலமாரியிலிருந்து கல் எடுப்பதில்லையே. டூல்ஸ் பெட்டியிலிருந்து அல்லவா எடுப்பார்?

அவள் பெட்டிப் பக்கம் திரும்பியதும் வாசலில் நின்றவள் ஓடி வந்தாள். "அக்கா, அதைத் திறக்காதீங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்."

இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? பெரியவள் அவளை ஒதுக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். ஸ்பானருக்கு அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, அந்தக் கல். தூக்கியதுமே கூடுதல் கனம் கைக்குத் தெரிந்தது. கல்லைக் கவிழ்த்தாள். அடிக்குழியில் ஈயம். வில்லை மேல் வில்லையாக, ஆறு. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. இந்தத் தராசில் கல்லோடு சேர்ந்த ஒரு புளியங்கொட்டை ஈயம் பலகையில் நிற்கும் எடையில் ஒரு கிலோவை விழுங்கிக் குறைத்துக் காட்டும் என்பது கடையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஓரம் மடித்து, மிட்டாய் மாதிரி தட்டியிருந்த வேலை யாருடையது என்று கேட்கவும் வேண்டியதில்லை.

அவள் பேப்பர்க் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. ஆறு கிலோ போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. முதலில் வந்தது வேறு.

"ரெண்டு பேரும் சேர்ந்தா?" என்றாள். "அவரும் நீயுமா? நான் வீட்டுல கீரை மென்னுக்கிட்டு இருக்கும்போது ரெண்டு பேரும் இங்க உக்காந்து ஈயம் தட்டுனீங்களா? தட்டித் தட்டிச் சிரிச்சீங்களா?"

"அக்கா, அப்படியில்லக்கா..."

"வாயை மூடு. என் துணி சுருங்குதுன்னு சொன்னப்பகூட வாயைத் திறக்கல நீ."

வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கடைக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பெண்டாட்டி மடியில் கல்லைப் பார்த்ததும் சாக்கு தலையிலேயே நின்றது.

"சொல்லுங்க" என்றாள் பெரியவள். "ஊருக்கெல்லாம் சரியா எடை போடுற மனுஷன். எனக்கு மட்டும் கள்ளக் கல்லா?"

"ஒரு வாரத்துக்குத்தான்னு நெனச்சேன்" என்றார் அவர். "அன்னிக்கு எடை பாத்துட்டு நீ மாத்திரை அட்டையோட சாக்கடைகிட்டப் போய் நின்ன. ஞாபகம் இருக்கா? மூணாவது தடவையும் நீ படுத்தா, நான் என்ன பண்ணுவேன்? எனக்கு வேற என்ன தெரியும்? எடை போடத்தான் தெரியும்."

"அடுத்த வாரம் எடுத்திருக்கலாம்ல?"

"எடுக்கத்தான் பாத்தேன். எடுத்தா ஒரேயடியா ஏறிக் காட்டும். நீ சிரிச்சிக்கிட்டு இருந்த. எனக்குக் கை வரல."

"யோசனை யாருது?"

"என்னுதுதான்க்கா" என்றாள் சின்னவள். "மாமா மாட்டேன்னுதான் சொன்னாரு. தராசுல கை வைக்க மாட்டேன்னாரு. நான்தான் அது தராசு இல்ல, மருந்துன்னு சொன்னேன்."

"நீ எவடி எனக்கு மருந்து கொடுக்க? இருக்கற எடம் தெரியாம ஒல்லியா இருக்கேன்னு திமிரா? என்னைப் பாத்தா உனக்குப் பாவமா இருக்கா?"

சின்னவள் கையிலிருந்த வயரைக் கீழே போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு உயர்ந்தது.

"பாவமா? எனக்கு உங்க மேல பொறாமைக்கா! ஆமா, பொறாமைதான். இந்த வீட்டுல நீங்க ஒரு வாய் சாப்பிட்டா சேதி, சாப்பிடலன்னா சேதி. நீங்க தும்முனா மாமா டாக்டருக்குப் போன் போடுறாரு. உங்களுக்காகப் பரம்பரைத் தராசுல கை வச்சாரு மனுஷன். எனக்காக யாராவது ஒரு பொய் சொல்லியிருக்காங்களா? என் புருஷனைக் கேளுங்க, நான் ஐம்பதா நூறான்னு. தெரியாது! நான் செத்து எடையில போட்டாத்தான் தெரியும்!"

வண்டியிலிருந்து இறங்கி வந்த கொழுந்தன் வாசலிலேயே திகைத்து நின்றான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணு சொல்லட்டுமா? போன வருஷம் நீங்க என்னை ஏறெடுத்துப் பாக்கல. நான் எதிர்ல உக்காந்து என்ன தின்னாலும் உங்களுக்குத் தெரியல. செவுரைப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. அப்புறம் ஒரு நாள் என் பன்னைப் பாத்து, 'எத்தனை தின்னாலும் அடங்குதா பாரு'ன்னு முறைச்சீங்க. அன்னிக்கு மாமா உள்ள போய் அழுதாரு. 'அவ திரும்பி வந்துட்டா'ன்னு சொல்லி அழுதாரு. அன்னிலேர்ந்து தினமும் உங்க எதிர்ல உக்காந்துதான் பன் தின்னறேன். எனக்கு ஜாம் ஒண்ணும் அவ்வளவு பிடிக்காது."

தகரக் கூரையில் மழை விட்டுவிட்டுப் பெய்தது. பெரியவள் கல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கல்லைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம் சமையலறைப் பக்கம் வரவில்லை. கடைக்காரர் ரெண்டு தரம் போய் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் அதை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கு மறுநாள் அவளே வந்து கையை நீட்டினாள். விழுங்கினாளா, கொல்லைப் பக்கம் துப்பினாளா என்று தெரிந்துகொள்ள அவருக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைக்காரர் ஷட்டரைத் தூக்கவே இல்லை. "இன்னிக்கு எடை வேணாம்" என்று முனகினார்.

"தூக்குங்க" என்றாள் பெரியவள்.

ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, இன்னொரு கையில் உளியும் சுத்தியலும். டூல்ஸ் பெட்டியிலிருந்து கல்லை எடுத்துக் கவிழ்த்து வைத்து ஆறு வில்லையையும் ஒவ்வொன்றாகப் பெயர்த்து ஈயக் கூடையில் வீசினாள். சாவகாசமாகச் செய்தாள். கடைசி வில்லை லேசில் வரவில்லை. நல்ல வேலைக்காரிதான் இவள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பெயர்த்தாள். பிறகு வளையலைக் கழற்றாமல், ஊக்கைக் கழற்றாமல், சாவிக்கொத்து இடுப்பில் கிலுகிலுக்க, செருப்புக் காலோடு பலகையில் ஏறினாள்.

கடைக்காரர் குண்டை நகர்த்தினார். எண்ணைச் சொல்லவில்லை.

"சொல்லுங்க."

"எண்பத்தொம்பது."

பெரியவளுக்கு முகம் கோணியது. அழுதாள். பலகையில் நின்றபடியே, கண்ணைத் துடைக்காமல், எல்லோரும் பார்க்க அழுதாள். சட்டம் அவளோடு சேர்ந்து ஆடியது. அழுது முடித்துவிட்டு இறங்கினாள்.

"எங்க உங்க தம்பி? கூப்பிடுங்க."

கொழுந்தன் மாடியிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு வந்தான். "என்ன அண்ணி?"

"உன் பொண்டாட்டி என்ன எடை?"

அவன் அண்ணனைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். "ஒரு... நாப்பது இருக்குமா?"

"நாப்பதாம்! சாக்கு மூட்டையைக் கண்ணால பாத்தே கிலோ சொல்லுவியே. கூட இருக்கறவளைச் சொல்லத் தெரியல? வா, குண்டைப் புடி. நீயே போட்டுப் பாரு. இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீதான் போடணும். ஏறுடி."

"எனக்கு எதுக்குக்கா?"

"ஏறுன்னா ஏறு."

சின்னவள் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு ஏறினாள். அவள் புருஷன் சட்டத்தின் மேல் குனிந்து, கண்ணாடிச் சாமானைத் தொடுகிறவன் மாதிரி குண்டைத் தொட்டு நகர்த்தினான். அவள் அவன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் சட்டம் ஆடுகிறது, நிற்க மாட்டேன் என்கிறது. "ஆடாத, ஆடாத" என்று அவன் அதட்டினான். மறுபடியும் முதலிலிருந்து நகர்த்தினான்.

"ஐம்பத்தொண்ணு" என்றான் கடைசியில், ஏதோ பெரிய புதையல் கண்ட மாதிரி.

ஐம்பத்தொண்ணு. பெரியவளுக்கு வயிறு எரிந்தது. போன வாரத்தைவிடக் கொஞ்சமும் குறையாமல் எரிந்தது. இத்தனை அழுதும், இத்தனை கேட்டும் இந்தப் பாழாய்ப்போன எரிச்சல் போகமாட்டேன் என்கிறதே என்று அவளுக்கே அலுப்பாக இருந்தது.

கடைக்காரர் முன்னால் போய்க் கையை நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கிக் கொடுத்தார். அவள் அதை நாக்கில் வைத்து, அவர் பார்க்கிறாரா என்று பார்த்து, செம்புத் தண்ணீரை ஊற்றி மடக்கென்று விழுங்கினாள். வாயை ஆவென்று திறந்தும் காட்டினாள்.

"போதுமா? சந்தேகப் பிராணி!" என்றாள். பிறகு பலகையை விட்டு இறங்கிக்கொண்டிருந்த சின்னவளைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "இன்னிக்குப் பன் எங்கடி? போய் எடுத்துக்கிட்டு வந்து என் எதிர்ல உக்காரு."